ஆர்வியை நிறுத்துங்க, பறவை தானா வரும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஆர்வி, அதாவது படுக்கை, சமையல், பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி, அதுல போற பயணம் பத்தி எழுதும்போது, பறவை பார்க்கிறவங்களுக்கு இதைவிட நல்ல வண்டி கிடையாதுன்னு ரெண்டு வரி எழுதியிருந்தேன். அதுக்குதான் இந்தத் தடவை நிறைய கேள்வி வந்திருக்கு, அதனால இந்த மாசம் முழுக்க அதையே எடுத்துக்கிட்டேன்.

கே: அக்கா, மார்ச் ஸ்பிரிங் பிரேக்ல 9 நாளுக்கு ஆர்வி வாடகைக்கு எடுக்கிறோம். ஹூஸ்டன்ல கிளம்பி பிக் பெண்ட், அங்கேர்ந்து சாண்டா ஃபே, கிராண்ட் கேன்யன், திரும்பி வர்ற வழியில க்ரேன் பறவை பார்க்க போஸ்கே டெல் அபாச்சே சரணாலயம். எனக்கு பறவைதான் முக்கியம். ரூட் சரியா இருக்கா? (ஹூஸ்டன் வாசகி)

ப: இல்லம்மா, இந்த ரூட்ல நீங்க பார்க்கப் போறது ரோடு மட்டும்தான். போக வர 2,500 மைலுக்கு மேல வருது, 9 நாள்ல அதை ஓட்டணும்னா தினமும் காலையில கிளம்பி சாயங்காலம் போய் இறங்கணும், பறவை நல்லா நடமாடுற நேரமே காலையில முதல் ரெண்டு மூணு மணி நேரமும் பொழுது சாயுற நேரமும்தான், அந்த ரெண்டு நேரத்துலயும் நீங்க ஸ்டியரிங் பிடிச்சுக்கிட்டு இருப்பீங்க. ஆர்வி ஒரு கேலனுக்கு 8, 10 மைல்தான் குடுக்கும், வாடகைக் கம்பெனிங்க நிறைய பேர் ஒரு அளவுக்கு மேல ஓட்டினா மைலுக்கு இவ்ளோன்னு தனியா போடுவாங்க, அதையும் கணக்கு பண்ணிக்கோங்க. இன்னொண்ணு, போஸ்கே டெல் அபாச்சேல க்ரேன் கூட்டம் நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும்தான், மார்ச் நடுவுல போனா பெரும்பாலும் எல்லாம் வடக்கே கிளம்பியிருக்கும்.

நீங்க இருக்கிற ஊரே அமெரிக்காவுல பறவைக்கு ரொம்ப நல்ல ஊருங்கள்ல ஒண்ணு, அதை விட்டுட்டு ஏன் ஓடணும்? நான் சொல்றது இதுதான். ராக்போர்ட் பக்கத்துல கூஸ் ஐலண்ட் ஸ்டேட் பார்க் இருக்கு, உங்க வீட்லேர்ந்து 3 மணி நேரம் சொச்சம். அங்க மூணு நைட் போடுங்க. கடலோரமா ஒரு வரிசை சைட் இருக்கும், ஓக் மரங்களுக்குள்ள ஒரு வரிசை இருக்கும், எல்லாரும் கடல் வியூ கேட்பாங்க, நீங்க மரத்துக்குள்ள இருக்கிறதை எடுங்க. காத்து அடிக்காது, காலையில ஆர்வி கதவைத் திறந்து காபியோட உட்கார்ந்தா போதும்.

அங்க போறதுக்கு முக்கியமான காரணம் ஹூப்பிங் க்ரேன். அஞ்சடி உயரம், உடம்பு முழுக்க வெள்ளை, சிறகு விரிச்சா ஏழு அடிக்கு மேல, றெக்கை நுனி மட்டும் கறுப்பு. 1941ல டெக்சாஸ் வந்த கூட்டத்துல 20 கூட தேறல, அவ்வளவுதான் உலகத்துலயே மிச்சம்னு சொல்ற நிலைமை. இன்னைக்கு அதே கூட்டம் 500ஐத் தாண்டிடுச்சு. கனடாவுல வுட் பஃபலோ நேஷனல் பார்க்ல குஞ்சு பொரிச்சு, 2,500 மைல் பறந்து, ஒவ்வொரு குளிர்காலமும் இந்த அரான்சாஸ் கரைக்குத்தான் வருது, நீல நண்டு திங்கறதுக்கு. ஒவ்வொரு ஜோடியும் சதுப்புல தனக்குன்னு ஒரு இடத்தைப் பிடிச்சுக்கும், கூடவே பெரும்பாலும் ஒரே ஒரு குஞ்சு நிக்கும், உடம்புல பழுப்பு கலந்து இருக்கும் பாருங்க, அதுதான் குஞ்சு. ஏப்ரல் நடுவுக்குள்ள எல்லாம் கிளம்பிடும், அதனால ஸ்பிரிங் பிரேக் உங்களுக்கு சரியான நேரம். ராக்போர்ட், ஃபுல்டன் படகுத்துறைலேர்ந்து க்ரேன் பார்க்கவே படகு விடறாங்க, முன்னாடியே புக் பண்ணுங்க. பார்க் இருக்கிற லமார் பக்கம் ரோட்டோர வயல்லயே சில சமயம் நிக்கும், வண்டிக்குள்ள இருந்தே பாருங்க, இறங்கி கிட்ட போகாதீங்க.

அப்புறம் தெற்கே ரியோ கிராண்டே பள்ளத்தாக்கு, இன்னொரு மூணு மணி நேரம். வெஸ்லகோ, மிஷன் இந்த ஊருங்கள்ல ஆர்வி பார்க் ஏகப்பட்டது, ஏன்னா வடக்கேர்ந்து குளிருக்குத் தப்பிச்சு வர்ற ரிட்டயர்டு ஆளுங்க மாசக்கணக்குல அங்கதான் தங்குவாங்க. வேற எங்கயும் அமெரிக்காவுல சுலபமா பார்க்க முடியாத பறவையெல்லாம் அங்க தோட்டத்துல திரியும். க்ரீன் ஜே, கிஸ்கடீ, அல்டமீரா ஓரியோல், சச்சலாக்கான்னு கோழி மாதிரி இருக்கிற ஒண்ணு. வெஸ்லகோல எஸ்டெரோ யானோ கிராண்டே ஸ்டேட் பார்க்னு ஒண்ணு, அங்க பௌராக்கே, அதாவது நம்ம ஊர் பக்கிக்கு சொந்தக்காரன், பகல்ல சருகுக்குள்ள தூங்கும், காலுக்குக் கீழ இருந்தாலும் தெரியாது, பார்க் ஆளுங்ககிட்ட கேட்டா எங்க படுத்திருக்குன்னு காட்டுவாங்க. நாலு நைட் அங்க.

ஏப்ரல்ல ஒரு வார இறுதி கிடைச்சா ஹை ஐலண்டுக்கும் போங்க, உங்களுக்கு ஒன்றரை மணி நேரம்தான். மெக்சிகோ பக்கத்துலேர்ந்து வளைகுடாவை ஒரே மூச்சுல 600 மைல் தாண்டி வர்ற சின்னச் சின்ன வார்ப்ளர், டானஜர் எல்லாம் முதல்ல இறங்குற மரம் அங்கதான். வடக்கேர்ந்து எதிர்க்காத்தும் மழையும் வந்தா களைச்சுப் போய் கொத்துக் கொத்தா மரத்துல விழும். பேர்ட்காஸ்ட்னு கார்னெல் பல்கலைக்கழக ஆளுங்க ரேடார் வச்சு இன்னைக்கு ராத்திரி எவ்ளோ பறக்கும்னு சொல்றாங்க, அதைப் பார்த்துட்டு கிளம்புங்க.

கே: மேடம், திருநெல்வேலிலேர்ந்து அப்பா அம்மா மே மாசம் வர்றாங்க, அக்டோபர் வரைக்கும் இருப்பாங்க. அப்பாவுக்கு 70 வயசு, கூந்தன்குளம் பக்கத்து ஊர்க்காரர், பறவைன்னா உயிர். ஆனா முட்டி வலி, ரொம்ப நடக்க முடியாது. ஆர்வி எடுத்தா அவருக்கு ஒத்து வருமா? (நியூ ஜெர்சி வாசகர்)

ப: கூந்தன்குளத்துக்காரர்னா அவருக்கு நான் என்ன சொல்லித் தர்றது! வீட்டு வேப்பமரத்துல கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கூடு கட்டினா விரட்டாத ஊர்லேர்ந்து வர்றாரு. அப்பாவைத் தாராளமா கூட்டிட்டு போங்க. வயசானவங்களுக்கு ஆர்வியோட முதல் வசதியே பாத்ரூம் கூடவே வர்றதுதான், மத்த வசதியெல்லாம் அப்புறம். ஏறுற படி மட்டும் உயரமா இருக்கும், கைப்பிடி வச்ச சின்ன ஸ்டூல் ஒண்ணு வாங்கி வெளியில போட்டுடுங்க.

உங்களுக்கு ஊர் விட்டு ஊர் போகவே வேணாம். மே மாசம் ரெண்டாவது மூணாவது வாரம் டெலவேர் பே கரை, ரீட்ஸ் பீச் பக்கம். குதிரைலாட நண்டு ஆயிரக்கணக்குல கரைக்கு வந்து முட்டை போடும், அதைத் திங்க ரெட் நாட்னு ஒரு உள்ளான் தென் அமெரிக்காவோட கடைக்கோடி டியரா டெல் ஃபியூகோலேர்ந்து வந்து இறங்கும். இங்க ரெண்டு வாரம் தின்னு உடம்பு எடை கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகி, நேரா வடதுருவப் பகுதிக்குக் கிளம்பிடும். நண்டை அளவுக்கு மீறி பிடிச்சதுல இந்தப் பறவை எண்ணிக்கை சரிஞ்சு போய், 2014ல அழிய வாய்ப்புள்ள இனம்னு அரசாங்கமே பட்டியல்ல சேர்த்துச்சு. அதனால அந்த சீசன்ல சில பீச்சை மூடி வச்சிருப்பாங்க, ஓரமா நின்னு பார்க்க இடம் விட்டிருப்பாங்க, அதுவே அப்பாவுக்கு வசதி. கோடியக்கரையில உள்ளான் கூட்டம் பார்த்தவர்னா இது என்னன்னு அவருக்கு உடனே புரியும்.

தங்கறதுக்கு பெல்பிளெய்ன் ஸ்டேட் ஃபாரஸ்ட் கேம்ப்கிரவுண்ட் இருக்கு, மே மாசம் அந்தக் காட்டுக்குள்ளயே வார்ப்ளர் பாடும். ஜூலை ஆகஸ்ட்ல அட்லாண்டிக் கரைப்பக்க சதுப்புக்கு அவரைக் கூட்டிட்டுப் போகாதீங்க, க்ரீன்ஹெட்னு ஒரு ஈ, கடிச்சா ரத்தம் வந்துடும். செப்டம்பர் அக்டோபர்ல கேப் மே. லைட்ஹவுஸ் பக்கத்துல ஸ்டேட் பார்க் உள்ள மரத்தால மேடை கட்டி, 1976லேர்ந்து ஒவ்வொரு வருஷமும் தெற்கே போற வல்லூறு, கழுகு, பருந்து எல்லாத்தையும் எண்ணிக்கிட்டு இருக்காங்க. சாய்தளம் இருக்கு, உட்கார பெஞ்ச் இருக்கு, எண்ணுறவங்க மேல போறது என்னன்னு சத்தமா சொல்லுவாங்க. வடமேற்கு காத்து அடிக்கிற நாளா பார்த்துப் போங்க, அன்னைக்குதான் கூட்டம் கரையோரமா தள்ளிக்கிட்டு வரும். ஃபோர்சைத் சரணாலயத்துல 8 மைல் வண்டி ரோடு ஒண்ணு தண்ணிக்கு நடுவுல போகுது, அதுல வண்டியிலேயே மெதுவா போகலாம். பறவைங்க மனுஷனைப் பார்த்தாதான் பறக்கும், வண்டியைப் பார்த்து அவ்வளவா பயப்படாது, அதனால இறங்காதீங்க, ஜன்னலை இறக்கி இஞ்சினை ஆஃப் பண்ணிட்டு அப்பாவை ஜன்னலோரம் உட்கார வைங்க.

நேஷனல் பார்க், சரணாலயம் உள்ள போற பாஸ் அப்பாவுக்குக் கிடைக்குமான்னும் கேட்டிருந்தீங்க. சீனியர் பாஸ் விசிட்டர் விசாவுல வந்தவங்களுக்குக் கிடையாது, சிட்டிசனும் கிரீன் கார்டு ஆளுங்களும் மட்டும்தான். நீங்க இங்க வசிக்கிறவரா வருஷ பாஸ் 80 டாலருக்கு வாங்கினா உங்க வண்டியில இருக்கிற எல்லாரும் உள்ள போகலாம். சரணாலயம் மட்டும்தான் போவேன்னா டக் ஸ்டாம்ப்னு அரசாங்கம் விக்கிற 25 டாலர் ஸ்டாம்ப் போதும், ஜூலைலேர்ந்து அடுத்த ஜூன் வரைக்கும் செல்லும், அந்தக் காசுல ரொம்பப் பெரிய பங்கு பறவைங்களுக்கு ஈரநிலம் வாங்கத்தான் போகுது. நான் ஒவ்வொரு வருஷமும் ரெண்டும் வாங்குவேன். ஸ்டேட் பார்க் கட்டணமும் கேம்ப் சைட் வாடகையும் இந்த ரெண்டுலயும் சேராது.

கே: என்ன பைனாகுலர் வாங்கலாம்? கடையில 20 மடங்கு பெருசா காட்டும்னு ஒண்ணு தர்றாங்க. (சியாட்டல் வாசகர்)

ப: வேண்டாம். 20 மடங்குன்னா உங்க கை நடுக்கமும் 20 மடங்கு தெரியும். 8×42 வாங்குங்க, எட்டு மடங்கு பெருசா காட்டும், முன் லென்ஸ் 42 மில்லிமீட்டர், காலையில மங்கல் வெளிச்சத்துலயும் நல்லா தெரியும், பார்க்கிற வட்டமும் அகலமா இருக்கும், கிளைக்குக் கிளை தாவுற குருவியைத் தேடிப் பிடிக்க அதுதான் வேணும். 150 டாலர் பக்கம் தண்ணி புகாத, உள்ளே பனி பிடிக்காத நல்ல மாடல் வந்துடும். கழுத்துல தொங்குற வாரை எடுத்துட்டு தோள்ல மாட்டுற ஹார்னஸ் போட்டுக்கோங்க. பைனாகுலரை ஆர்வி டேஷ்போர்டுல போட்டு வைக்காதீங்க, வெயில்லயும் அதிர்வுலயும் லென்ஸ் விலகலாம். குழந்தைங்களுக்கு 8×32, எடை கம்மி.

கே: எந்தப் பறவைன்னு அடையாளம் சொல்ற மெர்லின் ஆப் போட்டிருக்கேன், கேம்ப்கிரவுண்ட்ல சிக்னலே இல்ல, என்ன பண்றது? அது சொல்றதை நம்பலாமா? (ஆஸ்டின் வாசகி)

ப: கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டு வைஃபைல அந்த ஏரியாவோட பேர்ட் பேக்கை டவுன்லோட் பண்ணிக்கோங்க, அப்புறம் சிக்னல் இல்லாமயே குரலையும் படத்தையும் வச்சு சொல்லும். குரல் கேட்டுச் சொல்றது பிரமாதம்தான், ஆனா அது சொன்னவுடனே லிஸ்ட்ல ஏத்தாதீங்க. உங்க டெக்சாஸோட மாநிலப் பறவை மாக்கிங்பேர்ட் மத்த பறவை குரலையெல்லாம் வரிசையா பாடும், ப்ளூ ஜே இருக்கே அது பருந்து மாதிரியே கத்தும். ஆப் ஒரு பேரு சொன்னா, அது எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு திரும்பி, கண்ணால பார்த்துட்டு, அப்புறம் பார்த்த பறவையைப் பதியுற இபேர்டு தளத்துல போடுங்க. கார்னெல் பல்கலைக்கழகத்துப் பறவை ஆய்வுக்கூடம் 2002ல ஆரம்பிச்சது அது, நீங்க போடுற ஒவ்வொரு லிஸ்டும் ஆராய்ச்சிக்குப் போகுது, அதனால தப்பா போடக்கூடாது.

இன்னொரு விஷயம் கேட்காமயே சொல்றேன். ஆப்ல இருக்கிற குரலை ஸ்பீக்கர்ல போட்டு பறவையை வரவழைக்காதீங்க. தன் இடத்துக்குள்ள வேற ஆண் வந்துடுச்சுன்னு நினைச்சு, குஞ்சுக்கு இரை தேடுறதை விட்டுட்டு சண்டைக்கு வரும். நிறைய பார்க்ல இதுக்குத் தடையே இருக்கு. தடை இல்லாத இடத்துலயும் பண்ணாதீங்க.

கே: கேம்ப் போட்ட ரெண்டு நாளும் ஒரு சிவப்புப் பறவை ஆர்வி சைட் மிர்ரர்ல வந்து மோதி மோதி கொத்துது. அடிபட்டு செத்துடுமோன்னு என் பொண்ணு அழறா. (சார்லட் வாசகி)

ப: கார்டினல் ஆண் அது. வசந்த காலத்துல கூடு கட்டுற நேரம், கண்ணாடியில தெரியுற தன்னையே எதிரின்னு நினைச்சு விரட்டுது. நின்ன உடனே ரெண்டு மிர்ரருக்கும் பழைய சாக்ஸோ துணிப் பையோ மாட்டிடுங்க, ஒரு நாள்ல விட்டுடும். ராபின் கூட இதே பண்ணும். இதைவிட ஆபத்து ஆர்வியோட பெரிய பக்க ஜன்னல், வெளிய மரம் அதுல பிரதிபலிச்சா காடுன்னு நினைச்சு நேரா வந்து மோதும், அமெரிக்காவுல வருஷத்துக்கு கோடிக்கணக்குல பறவை கண்ணாடியில மோதியே சாகுது. வெளிப்பக்கமா ரெண்டு இஞ்சுக்கு ஒண்ணு வீதம் புள்ளி ஸ்டிக்கர் ஒட்டலாம், வாடகை வண்டின்னா சோப்பால கோடு கோடா போட்டாலும் போதும், திருப்பிக் குடுக்கும்போது கழுவிடலாம். பொண்ணுகிட்டயே அந்த வேலையைக் குடுங்க.

கே: அக்கா, ரெட்வுட் காட்டுல எல்க் ப்ரெய்ரி கேம்ப்கிரவுண்ட்ல தங்கினோம். நீல நிறத்துல கொண்டை வச்ச ஒரு பறவை டேபிள்லேர்ந்து முறுக்கை எடுத்துட்டுப் போச்சு, பசங்களுக்கு ஒரே குஷி, இன்னும் போட்டாங்க. ரேஞ்சர் வந்து ரொம்ப கண்டிப்பா பேசிட்டாரு. ஒரு முறுக்குக்கு இவ்ளோவா? (சான் ஹோஸே வாசகி)

ப: ஆமா, அந்தக் காட்டுல ஒரு முறுக்குக்கு அவ்ளோ இருக்கு. ரேஞ்சர் மேல வருத்தப்படாதீங்க, கதையைக் கேளுங்க.

முறுக்கு எடுத்தது ஸ்டெல்லர்ஸ் ஜே. அதே காட்டுல மார்பிள்டு மரலெட்னு ஒரு கடல் பறவை இருக்கு. வாழ்க்கை முழுக்க கடல்ல மீன் பிடிச்சு வாழுற சின்னப் பறவை, ஆனா கூட்டுக்கு மட்டும் கடலை விட்டு உள்ளே, சில சமயம் 50 மைல் வரைக்கும் பறந்து வந்து, நூத்துக்கணக்கான வருஷம் வயசான மரத்துல, ரொம்ப உயரத்துல, பாசி படர்ந்த அகலக் கிளையில ஒரே ஒரு முட்டை போடும். தனியா கூடுன்னு எதுவும் கட்டாது. அது எங்க முட்டை போடுதுன்னு பறவை ஆராய்ச்சிக்காரங்க ரொம்ப காலம் தேடிக்கிட்டே இருந்தாங்க, உங்க ஊர்ப்பக்கம் பிக் பேசின் பார்க்ல 1974ல மரம் ஏறின ஒரு தொழிலாளி தற்செயலா குஞ்சைப் பார்த்துதான் கலிஃபோர்னியாவுல முதல் கூடு தெரிய வந்துச்சு. அப்பா அம்மா ரெண்டும் மாறி மாறி விடிகாலையிலயும் அந்தியிலயும் வாயில ஒரு மீனோட கடல்லேர்ந்து வந்து ஊட்டிட்டுப் போகும்.

இப்ப ஜே எங்க வருதுன்னு பாருங்க. ஆளுங்க சாப்பிடுற இடத்துல சிந்துற சிப்ஸ், பிரெட், முறுக்கு, சோத்துப் பருக்கை, நாய் சாப்பாடு இதெல்லாம் இருக்கிறதால கேம்ப்கிரவுண்டைச் சுத்தி ஜேயும் அண்டங்காக்காவும் சாதாரணமா இருக்க வேண்டியதைவிட பல மடங்கு பெருகிடுது. அதுங்க சும்மா இருக்காது, மேல மரத்துக்கு மரம் தேடும், மரலெட் முட்டையைப் பார்த்தா குடிச்சிடும், குஞ்சைப் பார்த்தா தூக்கிடும். வருஷத்துக்கு ஒரே முட்டை போடுற பறவைக்கு அது போச்சுன்னா அந்த வருஷமே போச்சு. பழைய மரத்தையெல்லாம் வெட்டினதுல ஏற்கெனவே இடம் இல்லாம, 1992லேர்ந்து அழிவுப் பட்டியல்ல இருக்கு அது. அதனாலதான் அந்த பார்க்ல ஒரு துணுக்கு கூட சிந்தாம வச்சுக்கோங்கன்னு போர்டு வச்சு, வந்தவங்ககிட்ட எல்லாம் சொல்லி, சாப்பாடு வைக்க பூட்டு போட்ட பெட்டியும் குடுத்திருக்காங்க.

ஆர்வில போறவங்களுக்கு இது சுலபம். சமையல், சாப்பாடு எல்லாம் உள்ள வச்சுக்கோங்க, வெளிய சாப்பிட்டா கீழ ஒரு பாய் விரிச்சு சாப்பிட்டு அப்படியே உதறாம சுருட்டி உள்ள எடுத்துட்டு வந்து குப்பையில கொட்டுங்க. பாத்திரம் கழுவின தண்ணியை செடிக்கு ஊத்தறேன்னு வெளிய ஊத்தாதீங்க, அதுல பருக்கை இருக்கும், சிங்க்ல ஊத்தி, கழிவுத் தண்ணி வடிக்கிற டம்ப் ஸ்டேஷன்ல விடுங்க. பசங்ககிட்ட மரலெட் கதையைச் சொல்லுங்க, அடுத்த தடவை அவங்களே குனிஞ்சு பொறுக்குவாங்க. விடியக் கருக்கல்ல எல்க் ப்ரெய்ரில வெளிய வந்து நின்னா மரங்களுக்கு மேல கீர் கீர்னு கடல் பறவை குரல் கேட்கும், கோடை காலத்துல, அதுதான் அது.

இதோட சேர்த்து இன்னொரு வாசகர் கேட்ட கேள்வியும் முடிச்சுடறேன். கேம்ப் சைட்ல தீனிக் கூண்டு மாட்டலாமான்னா, கரடி இருக்கிற ஊர்ல கூடவே கூடாது, மத்த இடத்துல கேம்ப்கிரவுண்ட் ரூல் என்னன்னு கேட்டுட்டு மாட்டுங்க.

கே: நவம்பர்ல யோசிமிட்டில என் பையன் தரையில கிடந்த கழுகு இறகு ஒண்ணு எடுத்து வச்சிருக்கான். தப்பா? (சாக்ரமெண்டோ வாசகர்)

ப: தப்புதான். 1918ல வந்த சட்டப்படி இங்க இருக்கிற கிட்டத்தட்ட எல்லா நாட்டுப் பறவையோட இறகு, கூடு, முட்டை எதையும் வச்சுக்கக் கூடாது, தானா விழுந்ததா இருந்தாலும் சரி. கழுகுக்கு அதுக்கு மேல தனிச் சட்டமே இருக்கு. இனிமே இருந்த இடத்துலயே விட்டுட்டு போட்டோ எடுத்துக்கச் சொல்லுங்க, பக்கத்துல ஒரு காசை வச்சு எடுத்தா அளவும் தெரியும். செத்துக் கிடக்கிற பறவையைத் தொடவே வேணாம், பறவைக் காய்ச்சல் இருக்கு.

கே: டிசம்பர்ல எவர்கிளேட்ஸ் போறோம். அங்க கழுகு வந்து வண்டி ரப்பரைத் தின்னுடும்னு சொல்றாங்களே, நிஜமா? (டாம்பா வாசகி)

ப: நிஜம்தான். ராயல் பாம் பார்க்கிங்ல கறுப்புப் பிணந்தின்னிக் கழுகுங்க வைப்பர் ரப்பர், ஜன்னல் ஓர ரப்பர், கூரை மேல வென்ட்டைச் சுத்தி இருக்கிற சீல் எல்லாத்தையும் பிச்சு எடுக்கும். பார்க்லயே தார்ப்பாயும் கட்டுறதுக்கு ரப்பர் கயிறும் வச்சிருப்பாங்க, எடுத்து மூடுங்க, ஆனா அது கார் அளவு, ஆர்வி முழுசுக்கும் பத்தாது, அதனால உங்க பங்குக்கு ஒரு பெரிய தார்ப்பாய் கொண்டு போங்க. கூரை மேல சீல் போச்சுன்னா அடுத்த மழையில தண்ணி உள்ள வந்துடும், வாடகை வண்டின்னா டெபாசிட்டும் போயிடும்.

இதுக்குப் பயந்து போகாம இருந்துடாதீங்க. அங்கேர்ந்து கிளம்புற அன்ஹிங்கா ட்ரெயில் ஒரு மைல் கூட கிடையாது, பலகைப் பாதை, டிசம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் சுத்துவட்டாரத்துல தண்ணி வத்தி எல்லாப் பறவையும் மிச்சம் இருக்கிற தண்ணிக்கு வந்துடும், கைக்கெட்டுற தூரத்துல பார்க்கலாம். அன்ஹிங்கா வேற யாரும் இல்ல, நம்ம வேடந்தாங்கல் பாம்புத்தாராவோட அமெரிக்கச் சொந்தம், அதே மாதிரி கழுத்தை மட்டும் தண்ணிக்கு மேல நீட்டி நீந்தும், மீனைக் குத்தும், அப்புறம் கிளையில ஏறி றெக்கையை விரிச்சுக் காய வைக்கும். தங்க லாங் பைன் கீ பக்கம், கடலோரம் வேணும்னா ஃபிளமிங்கோ. கோடையில போகாதீங்க, கொசு நிக்க விடாது.

கே: நான் ரிட்டயர்டு வாத்தியார். ஆகஸ்ட்ல பொண்ணு வீட்டுக்கு ஃபீனிக்ஸ் வர்றேன், ஆர்வில கூட்டிட்டுப் போறேன்னு சொல்றா. ஹம்மிங்பேர்ட் பார்க்கணும்னு ரொம்ப நாள் ஆசை. நம்ம தேன்சிட்டுதானே அது? அந்த வெயில்ல எங்க போறது? (மதுரை வாசகர்)

ப: ஐயா, ரெண்டும் தேன் குடிக்கும், ரெண்டும் பளபளன்னு இருக்கும், ஆனா சொந்தமே கிடையாது. தேன்சிட்டு பெரும்பாலும் காம்புல உட்கார்ந்து குடிக்கும், ஹம்மிங்பேர்ட் அந்தரத்துல நின்னு குடிக்கும், பின்னாடியும் பறக்கும், அமெரிக்கக் கண்டங்களைத் தவிர உலகத்துல வேற எங்கயும் கிடையாது. ஆகஸ்ட் மாசம் உங்களுக்கு அருமையா அமைஞ்சிருக்கு. ஃபீனிக்ஸ்ல 40 டிகிரிக்கு மேல கொதிக்கும், ஆனா தென்கிழக்கு அரிசோனா மலைப்பக்கம் அப்ப மழைக்காலம், ஊரே பச்சையாகி, நாட்டுலயே அதிக வகை ஹம்மிங்பேர்ட் அந்த நேரம் அங்கதான். பேட்டகோனியா ஊர்ல பேட்டன் சென்டர்னு ஒரு வீட்டுத் தோட்டம், சர்க்கரைத் தண்ணி புட்டி வரிசையா தொங்கும், நிழல்ல நாற்காலி போட்டிருப்பாங்க, நீங்க உட்கார்ந்தா போதும், வயலட் கிரீடம் வச்சது உங்க முன்னாடியே வரும். பக்கத்துல பேட்டகோனியா லேக் ஸ்டேட் பார்க்ல கரண்ட் உள்ள சைட் எடுக்கச் சொல்லுங்க, அந்த வெயில்ல ஏசி இல்லாம ஆர்விக்குள்ள பகல்ல இருக்க முடியாது. மத்தியானத்துக்கு மேல இடி மின்னலோட மழை கொட்டும், காஞ்ச ஓடைன்னு நினைச்சு எந்தப் பள்ளத்துலயும் வண்டியை நிறுத்த வேணாம், மேல மலையில பெய்ஞ்ச தண்ணி நிமிஷத்துல வந்துடும். நேரம் இருந்தா மடேரா கேன்யனும் ஒரு நாள் போங்க, எலிகண்ட் ட்ரோகன் கண்ணுல பட்டா, அதோட சொந்தமான மேற்குத் தொடர்ச்சி மலை தீக்காக்கையைப் பார்த்தவங்களுக்குத் தனி சந்தோஷம்.

கே: எனக்கு மட்டும்தான் பறவை ஆசை. காலையில 5 மணிக்கு எழுப்பினா வீட்டுக்காரரும் பசங்களும் என்னைத் திட்டுறாங்க. (டெட்ராய்ட் வாசகி)

ப: எழுப்பாதீங்க, அவங்களுக்கும் லீவுதானே. ஒரே இடத்துல மூணு நாள் நிக்கிறதுல இதுதான் லாபம், காலை முழுசும் உங்களுக்கு, அவங்க தூங்கட்டும், ஃபிளாஸ்க்ல டீ போட்டு ராத்திரியே வெளிய எடுத்து வச்சிடுங்க, கதவு சத்தம் கேட்காது. பசங்களுக்கு சாயங்காலம் காட்டுங்க. பொழுது சாயும்போது நைட்ஹாக் தலைக்கு மேல பூச்சி பிடிக்கும், இருட்டினதும் ஆந்தை கூப்பிடும், அதுக்கு யாரையும் எழுப்ப வேணாம். நேஷனல் பார்க்ல எல்லாம் ஜூனியர் ரேஞ்சர் புஸ்தகம் குடுப்பாங்க, முடிச்சா பேட்ஜ். உங்க ஊர்லேர்ந்து ஒன்றரை மணி நேரத்துல ஒஹாயோ மேஜி மார்ஷ் இருக்கு, மே மாசம் ஏரியைத் தாண்டுறதுக்கு முன்னாடி வார்ப்ளர் எல்லாம் அங்க இறங்கி ஓய்வெடுக்கும், முகத்துக்கு நேரா கிளையில நிக்கும், பைனாகுலரே வேணாம், பறவை பிடிக்காதவங்களுக்குக் கூட அங்க பிடிச்சுப் போகும். மாமி பே ஸ்டேட் பார்க்ல சைட் இப்பவே பாருங்க, மே மாசம் நாடு முழுக்க ஆளுங்க அங்க வந்துடுவாங்க.

கே: மார்ச் கடைசியில டென்வர்லேர்ந்து நெப்ராஸ்கா போய் சாண்ட்ஹில் க்ரேன் பார்க்கணும். குளிர்ல ஆர்வி தண்ணிக் குழாய் உறைஞ்சிடும்னு நண்பர் பயமுறுத்துறாரு. (டென்வர் வாசகர்)

ப: நண்பர் சொல்றது சரிதான், ஆனா அதுக்கு வழி இருக்கு. வாடகைக் கம்பெனி குளிர்காலத்துக்குக் குழாயெல்லாம் வடிச்சு வச்சிருந்தா அதை அப்படியே விடச் சொல்லுங்க, டேங்க்ல தண்ணி நிரப்பாதீங்க. குடிக்க, சமைக்க கேன் தண்ணி. டாய்லெட்டுக்கு பக்கெட்ல ஆர்வி ஆன்டிஃப்ரீஸ் கலந்த தண்ணி வச்சு ஊத்துங்க. அந்தச் சமயம் நிறைய கேம்ப்கிரவுண்ட்ல வெளிக் குழாயும் ஷவரும் இன்னும் திறந்திருக்க மாட்டாங்க, ஃபோன் பண்ணிக் கேளுங்க. கரண்ட் சைட் கட்டாயம் வேணும், ஹீட்டர் ப்ரொபேன்ல எரிஞ்சாலும் அதோட ஃபேன் பேட்டரில ஓடுது, ராத்திரி முழுக்க ஓடினா விடியறதுக்குள்ள பேட்டரி படுத்துடும், நீங்க எழுந்துக்க வேண்டிய நேரமே அப்பதான்.

கியர்னி ஊர்ப்பக்கம் பிளாட் ஆறு ஓடுது, அகலம் ஜாஸ்தி, ஆழம் முழங்கால் கூட வராது. உலகத்துல இருக்கிற சாண்ட்ஹில் க்ரேன்ல பெரும்பகுதி, 5 லட்சத்துக்கு மேல, வடக்கே போற வழியில இங்க மூணு நாலு வாரம் நிக்குது. பகல்ல சோள வயல்ல சிந்தின சோளம் பொறுக்கும், ராத்திரி நரி வராத தண்ணி நடுவுல மணல் திட்டுல நின்னு தூங்கும். அதனால சாயங்காலம் ஆத்துக்குத் திரும்புறதும் காலையில கிளம்புறதும்தான் பார்க்க வேண்டியது. நடுப்பகல்ல வயலோரம் பார்க்கலாம், ஆனா கவுண்டி ரோடெல்லாம் சரளை, ஓரம் ஈரமா இருக்கும், ஆர்வியை ஓரம் கட்டினா புதைஞ்சிடும், ரோடு நடுவுல நிறுத்தவும் கூடாது, விவசாயிங்க டிராக்டர் வரும். அதனால ஃபோர்ட் கியர்னி ஸ்டேட் ரெக்ரியேஷன் ஏரியாவுல ஆர்வியைப் போட்டுட்டு அங்கேயே இருங்க. பக்கத்துலயே ஆத்துக்கு மேல பழைய ரயில் பாலம் ஒண்ணு நடைபாதையா இருக்கு, அதுல நின்னாலே கூட்டம் இறங்குறது தெரியும், நெப்ராஸ்கா பார்க் பெர்மிட் மட்டும் வண்டிக்கு வாங்கணும்.

இன்னும் கிட்ட பார்க்கணும்னா ரோ சரணாலயத்துல மறைவுக் கொட்டகை இருக்கு, டிக்கெட் முன்னாடியே தீர்ந்துடும், ஜனவரியிலேயே கவனிங்க. உள்ள போனா ரெண்டு மணி நேரம் வெளிய வர விடமாட்டாங்க, ஹீட்டர் கிடையாது, லைட்டு, ஃபிளாஷ் எதுவும் கூடாது, போன் ஸ்கிரீன் வெளிச்சம் கூட ஆத்துல நிக்கிற மொத்தக் கூட்டத்தையும் கிளப்பிடும். ரெண்டு ஜோடி சாக்ஸ், காது மூடுற தொப்பி, சத்தம் வராத துணி ஜாக்கெட் போட்டுட்டுப் போங்க, நைலான் ஜாக்கெட் கை அசைச்சாலே சரசரங்கும். உள்ள நுழையறதுக்கு முன்னாடி பாத்ரூம் போயிட்டுப் போங்க. ஒரே ராத்திரியோட திரும்பாதீங்க, பனிக்காத்து அடிச்சா ஒரு நாள் எதுவுமே தெரியாம போயிடலாம், குறைஞ்சது மூணு நைட் வைங்க.